வடக்கூர் தண்ணீருக்கு நான் எழுதிய இரண்டு அறிக்கைகள்

போன மாதம் கோவில்பட்டியில் ஒரு பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது ஊருக்கு நாலைந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் சோதிக்கும் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களே சோதித்து, முடிவைச் செல்போனில் ஏற்றிவிடுகிறார்கள். முப்பத்திரண்டு வருடம் அரசுக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னை அழைத்தார்கள். நான் பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

“மேடம், நீங்க எழுதுன ரிப்போர்ட் எப்பவாவது தப்பாப் போயிருக்கா?”

ஏற்பாடு செய்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. “போயிருக்கு. அதுதான் என் சர்வீஸ்லயே நான் பெருமைப்படுற விஷயம்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மதியச் சாப்பாடு வந்துவிட்டதால் மேற்கொண்டு சொல்ல நேரமில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் வேதியியல் படித்ததும், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்ததும், உதவியாளராகச் சேர்ந்து பரீட்சை எழுதி ஆய்வாளர் ஆனதும் எல்லாருக்கும் நடப்பதுதான். முதல் பத்து வருடம் கரிசல்காட்டுத் தண்ணீரின் உப்பை அளந்தே கழிந்தது. விளாத்திகுளம் பக்கம் ஒரு உப்பு, ஓட்டப்பிடாரம் பக்கம் இன்னொரு உப்பு. வாயில் வைத்தாலே எந்தத் திசைத் தண்ணீர் என்று சொல்லும் அளவுக்கு வந்திருந்தேன். வாயில் வைக்கக் கூடாது என்பது விதி. வைத்திருக்கிறேன்.

என் மேலதிகாரி மைதீன் சார். முதுநிலை வேதியியலர். முழுக்கைச் சட்டை, கைப் பொத்தான் எப்போதும் போட்டிருக்கும். யாரையும் ‘நீ’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தான் பயன்படுத்திய கண்ணாடிச் சாமான்களைத் தானே கழுவுவார். முதலில் அமிலம், பிறகு குழாய்த் தண்ணீர் மூன்று தடவை, பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு தடவை, கடைசியில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது. அலுவலக உதவியாளர் ஓடிவந்து வாங்கப் போனால், “நான் அழுக்காக்குனது நான் கழுவுதேன்” என்பார். அவருக்குக் கோபம் வந்தது எங்களுக்குத் தெரிவதற்கு ஒரே அடையாளம்தான். கையிலிருக்கும் பென்சிலை மேஜையில் படுக்கவைத்துவிடுவார். குரல் மாறாது.

இன்னொன்றும் உண்டு. ‘நல்ல தண்ணீர்’, ‘கெட்ட தண்ணீர்’ என்ற வார்த்தைகளை அவர் சொல்லவே மாட்டார். “இந்த பாட்டில்ல வந்த தண்ணி” என்பார். பாட்டிலுக்குள் வருவதற்கு முன்னால் அந்தத் தண்ணீருக்கு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாதல்லவா என்பது அவர் கட்சி. எங்களுக்கு அது அளவுக்கு மீறிய ஜாக்கிரதையாகத் தெரிந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறோம்.

இனி வடக்கூர். உண்மைப் பெயர் அதுவல்ல. கோவில்பட்டியிலிருந்து கடம்பூர் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு ரசாயனப் பட்டறை இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் என்று எங்கள் பக்கம் சொல்லும் தொழிற்சாலைகளில் குச்சி முனைக்கு வைக்கும் மருந்தில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் உப்பைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். குரோமியம் என்ற உலோகத்திலிருந்து எடுப்பது. அந்த உப்பைத்தான் வடக்கூரில் காய்ச்சினார்கள். ஒரு காலத்தில் ஊரில் பாதிக் குடும்பம் அதை நம்பி இருந்தது. பிறகு வெளியூர்ச் சரக்கு வந்தது, பட்டறை மூடிக்கொண்டது, சொந்தக்காரர்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். காய்ச்சி எடுத்தது போக மிஞ்சிய கழிவு மட்டும் சுற்றுச்சுவருக்குள் ஒரு சின்னக் குன்று மாதிரிக் கிடந்தது. நான் சொல்லும் சம்பவம் நடந்தபோது பட்டறை மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. சுவர் ஒரு பக்கம் இடிந்து, மழைத் தண்ணீர் குன்றை நனைத்துவிட்டுத் தெருவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது, குரோமியம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குள் பேரூராட்சி கிழக்குத் தெருக் கிணற்றின் மேல் இருந்த அடிபம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, குடிக்கக் கூடாது என்று நிறுத்தியும் வைத்திருந்தது. அந்தப் பம்பில் மாதிரி எடுக்க எங்கள் கூடத்திலிருந்து பாட்டில் போனது. உலோகம் சோதிக்கும் பாட்டிலில் முன்கூட்டியே கொஞ்சம் நைட்ரிக் அமிலம் ஊற்றி அனுப்புவது வழக்கம். இல்லாவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குரோமியமும் உலோகம்தானே என்று அமிலத்தை ஊற்றி மூடி அனுப்பியது நான். மாதிரியை எடுத்த ஊழியர் இடையில் விடுமுறை வந்துவிட்டதால் நான்காம் நாள் கொண்டுவந்து கொடுத்தார். சோதித்தேன். ஒன்றுமில்லை. ‘நிறம்: தெளிவு. விஷக் குரோமியம்: கண்டறியப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று இருநூறு தாள்களுக்கு மேல் மைதீன் சார் மேஜையில் கிடந்தன. அவரும் கையெழுத்திட்டார்.

மனுவில் மஞ்சள் என்று எழுதியிருந்தது. பாட்டிலில் தெளிவாக இருந்தது. இந்த இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஊர்க்காரர்கள் மழைக் கலங்கலைப் பார்த்துப் பயந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். படித்தவள் இல்லையா.

ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, காலையில் கூடம் திறந்த சற்று நேரத்தில், உயரமான ஒருவர் படியேறி வந்தார். அறுபது வயதுக்குக் கிட்டே இருக்கும். தோளில் துண்டு. கையில் பழைய கலர் சோடா பாட்டில் ஒன்றில் தண்ணீர். பெயர் வேலுச்சாமி, வடக்கூர் என்றார். கிராமத்தில் பேனா பிடித்த பெண் யாரானாலும் டீச்சர்தான். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

“டீச்சர், இந்தத் தண்ணி நல்லதுன்னு எழுதுனது யாரு?”

“நான்தான். நீங்க பாட்டுக்கு உங்க பாட்டில்ல புடிச்சிட்டு வந்தா அத நாங்க எடுத்துக்கிட முடியாது அண்ணாச்சி. அதுக்கு முறை இருக்கு.”

“எடுக்க வேண்டாம். பாத்தாப் போதும்.”

பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். எலுமிச்சைச் சாறு மாதிரித் தெளிந்த மஞ்சள். கலங்கல் ஒரு துளிகூட இல்லை. நான் கிட்டே போய்ப் பாட்டிலின் அடியைப் பார்த்தேன். நம்பவில்லை என்று நினைத்துவிட்டார் போல. மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியை உருவினார். பீடி பற்றவைக்கப் போகிறார், வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அந்தக் குச்சியை வலது மூக்குத் துவாரத்துக்குள் விட்டு மெதுவாகத் தள்ளினார். இடது துவாரம் வழியாக அதன் நுனி வெளியே வந்தது.

மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை.

“பன்னெண்டு வருசம் அந்தப் பட்டறையில அடுப்புப் பக்கம் நின்னேன். வலிக்கவே இல்ல டீச்சர். ஒருநா தும்முனேன், ரத்தத்தோட ஒரு துண்டு வந்துச்சு. எங்க செட்டுல எட்டுப் பேருக்கு இப்பிடித்தான். அந்த மஞ்சள எனக்குத் தெரியாதா? கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.”

அவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுத்தேன். ‘பாதுகாப்புக்குச் சேர்த்தது: அமிலம்’. ‘பெற்ற நாள்’. ‘எடுத்த நாள்’. மூன்று வரியையும் விரலால் தடவிக்கொண்டே இரண்டு தடவை படித்தேன். குரோமியத்துக்கு இரண்டு நிலை உண்டு. ஒன்று விஷம், மஞ்சள் நிறம். மற்றது அவ்வளவு தொந்தரவு இல்லாதது, மஞ்சளும் காட்டாது. அமிலத்தில், அதுவும் இலை தழை ஊறிய கிணற்றுத் தண்ணீரில் நாள் கணக்கில் கிடந்தால், முதலாவது இரண்டாவதாக மாறிவிடும். எங்கள் சோதனை முதலாவதை மட்டும்தான் காட்டும். கிணற்றில் இருந்த விஷம் என் பாட்டிலுக்குள் காணாமல் போயிருக்கிறது. காணாமல் போக வைத்தது நான் ஊற்றிய அமிலம். கல்லூரியில் இதைப் படித்துப் பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

மைதீன் சார் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பென்சிலைப் படுக்கவைத்தார். மூன்று கேள்வி கேட்டார்.

“அமிலம் யாரு ஊத்துனது?”

“நான்தான் சார்.”

“எத்தன நாளு கழிச்சு டெஸ்ட் பண்ணுனீங்க?”

“நாலு நாள் சார்.”

“நம்ம ரிப்போர்ட்டப் பாத்துட்டு அந்த ஊர்ல தண்ணி குடிக்காங்களா?”

வெளியே போய் வேலுச்சாமி அண்ணாச்சியைக் கேட்டேன். அடிபம்பின் சிவப்புப் பெயிண்டைச் சுரண்டியாகிவிட்டது, நோட்டீஸ் போர்டில் எங்கள் அறிக்கையின் நகல் ஒட்டியிருக்கிறது, எல்லாரும் குடிக்கிறார்கள் என்றார். உள்ளே வந்து அதைச் சொன்னேன்.

சார் அந்த நிமிஷமே பேரூராட்சிக்குப் போன் போட்டு, பம்பை நிறுத்தி லாரித் தண்ணீர் அனுப்பச் சொன்னார். பிறகு என்னிடம், “நாளைக்குக் காலைல நாம ரெண்டு பேரும் போவோம். அதுக்கு முன்னால அந்த ரிப்போர்ட்ட ரத்து பண்ணி, ஏன்னு காரணம் எழுதி எடுத்துட்டு வாங்க. நீங்களே எழுதணும். கீழ நானும் கையெழுத்துப் போடுதேன்” என்றார்.

எழுத உட்கார்ந்தேன். எங்கள் தலைமை எழுத்தர் சங்கரன் அண்ணாச்சி நல்லவர். என் மேல் பிரியம் உள்ளவர். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்னம்மா இது? ரத்து அது இதுன்னு எழுதாதீங்க. புதுசா ஒரு சாம்பிள் எடுங்க, புதுசா ஒரு ரிப்போர்ட் குடுங்க. மழைக்குப் பொறவு தண்ணி மாறிடுச்சுன்னு போயிரும். யாரு கேக்கப் போறா? ரெண்டு பொம்பளப்பிள்ளைய வச்சிருக்கீங்க.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அப்படிச் செய்தால் யாருமே கேட்டிருக்கமாட்டார்கள். என் கணவர் மணியாச்சியில் ரயில்வேயில் இருந்தார். அன்று மாலை அவரிடம் சொன்னபோது, சிக்னல் தப்பாகக் கொடுத்தவன் அடுத்த ரயிலுக்குச் சரியாகக் கொடுத்தால் போதுமா என்று மட்டும் கேட்டார். ஆனால் நான் எழுதி முடித்தது அதற்கு முன்பே. என்ன நினைத்து எழுதினேன் என்று கேட்டால், அந்தக் குச்சியின் நுனி கண் முன்னாலேயே நின்றது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஜீப்பில் கிளம்பினோம். போகும் வழியில் மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கி ஐஸ் நிரப்பிக்கொண்டோம். பாட்டில்களை நானே கழுவியிருந்தேன். இந்தத் தடவை அமிலம் இல்லை. கூடத்துச் சாமான்களையும் கொஞ்சம் கட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார் சார். “நாம ஊர்ல வச்சே பாப்போம். அவிய கண்ணு முன்னால” என்றார்.

வடக்கூர் கிழக்குத் தெருவில் இறங்கும்போதே கூட்டம் நின்றது. வேலுச்சாமி அண்ணாச்சி சொல்லி வைத்திருக்கிறார். அடிபம்பு பக்கத்தில் ஒரு மர பெஞ்சு போட்டார்கள். அதில் வெள்ளைத் தாளை விரித்துச் சோதனைக் குழாய்களை நிறுத்தினேன்.

முதல் குழாயில் கூடத்திலிருந்து கொண்டுபோன காய்ச்சி வடித்த தண்ணீர். இரண்டாவதில் நாங்கள் குடிக்கக் கொண்டுபோயிருந்த கோவில்பட்டிக் குழாய்த் தண்ணீர். மூன்றாவதில் அடிபம்புத் தண்ணீர். பம்பை ஐந்து நிமிஷம் அடித்து ஊற்றிவிட்டுத்தான் பிடித்தேன். குழாயை அதே தண்ணீரில் மூன்று முறை அலசினேன். கோடு வரை அளவாக நிரப்பி, மூன்றிலும் நீர்த்த அமிலத்தில் சில சொட்டு விட்டேன்.

“திரும்பவும் ஆசிட்டா?” என்று யாரோ கேட்டார்கள். நியாயமான கேள்வி. “நாலு நாள் ஊற வச்சா தப்பு, இப்பப் பாக்கதுக்கு இது வேணும்” என்றேன். பிறகு மூன்றிலும் சோதனை மருந்தை ஊற்றிக் குலுக்கி நிறுத்தினேன். மைதீன் சார் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

ஐந்து நிமிஷம் தேவைப்படவில்லை. மூன்றாவது குழாயில் அடியிலிருந்து நிறம் ஏறியது. முதலில் ரோஜா நிறம், பிறகு ஊதா.

“ஏட்டி, கத்தரிப்பூக் கலருல்லா வருது!” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“மருந்த ஊத்துனா எந்தத் தண்ணியும் கலரு மாறத்தான செய்யும்?” என்றார் ஒருவர். மைதீன் சார் மற்ற இரண்டு குழாய்களையும் எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். இரண்டும் வெறும் தண்ணீராக இருந்தன. அவர் அதைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அப்படியே கைமாறிக் கூட்டம் முழுக்கச் சுற்றிவந்தது.

அப்போதுதான் சுப்புத்தாய் முன்னால் வந்தாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். என் முகத்துக்கு நேரே நின்றாள்.

“எம் மருமக ஏழு மாசம். நாங்க லாரித் தண்ணிதான் புடிச்சு வச்சிருந்தோம். உங்க சீட்ட ஒட்டுனப் பொறவுதான் இந்தப் பம்புத் தண்ணியக் குடுத்தேன். எங்கையால குடுத்தேன். அந்தச் சீட்ட எழுதுனது நீங்கதானா?”

ஜீப் ஓட்டுநர் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது ஓரக்கண்ணில் தெரிந்தது.

“ஆமா. நான்தான் எழுதுனேன். பாட்டில்ல ஊத்தக் கூடாதத ஊத்தி அனுப்புனதும் நான்தான். தப்பு எம்மேல. அந்தச் சீட்டு செல்லாதுன்னு இன்னைக்கு எழுதிக் கொண்டாந்திருக்கேன்” என்றேன்.

மைதீன் சார் ஒரு அடி முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். “அதுல என் கையெழுத்தும் இருக்கும்மா. படிச்சுப் பாக்காம போட்டேன். என்னையும் சேத்துத் திட்டுங்க” என்றார்.

சுப்புத்தாய் திட்டவில்லை. “அப்பொ இங்கன மட்டும் பாத்தாப் போதுமா? பள்ளிக்கூடத்துப் பம்பையும் பாருங்க” என்றாள்.

பள்ளிக்கூடம் ஊருக்கு மேற்கே, பட்டறைக்கு எதிர்த்திசையில் இருந்தது. எங்கள் பட்டியலில் இல்லை. அங்கே தண்ணீர் கண்ணுக்கு மஞ்சளாகவே தெரியாது. பார்க்கத் தேவையில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் ஒருமுறை ஊர்க்காரர்களின் பேச்சை ஒதுக்கிப் பட்டது போதும். போனோம். பிடித்தோம். சொட்டு விட்டோம். மூன்று நிமிஷத்தில் மெல்லிய ஊதா தெரிந்தது. தலைமையாசிரியை பிள்ளைகளைப் பம்பு பக்கம் போகவிடாமல் நிறுத்தினார். கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே அது குடிக்கக் கூடாத தண்ணீர்.

அன்று சாயங்காலம் வரை தெருத் தெருவாகப் போய் எடுத்தோம். ஒவ்வொரு பாட்டிலிலும் இடம், நேரம், எடுத்தவர் பெயர். ஊர்க்காரர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார் சார். பாதிப் பேர் கைநாட்டு வைத்தார்கள். கூடத்துக்குத் திரும்பி, ஐஸ் உருகுவதற்குள் எல்லாவற்றையும் அளந்து முடித்தோம். இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதல் அறிக்கையின் எண்ணைக் குறிப்பிட்டு, அது ஏன் தவறு என்பதை முதல் பத்தியிலேயே எழுதினேன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ரத்து செய்த அறிக்கை செத்துப்போகவில்லை. அது பட்டறைக்காரர்களின் வக்கீலிடம் போய்ச் சேர்ந்திருந்தது. கழிவை அகற்றச் சொல்லி ஊர்க்காரர்கள் போட்ட மனு விசாரணைக்கு வந்தபோது, என்னையும் மைதீன் சாரையும் கூப்பிட்டார்கள். வக்கீல் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“என்னுதுதான் சார்.”

“ஒரே கிணறு. ஒரு மாசத்துல ரெண்டு ரிப்போர்ட். ஒண்ணு இல்லைங்குது, ஒண்ணு இருக்குங்குது. எதை நம்பச் சொல்லுதீங்க?”

இப்படித்தான் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். ஐந்து நாள் முன்னால் வடக்கூருக்குப் பஸ்ஸில் போய், அடிபம்பில் ஒரே வாளியில் தண்ணீர் பிடித்து, இரண்டு பாட்டிலில் ஊற்றி, ஒன்றில் அமிலம் விட்டு, ஒன்றில் விடாமல், பேரூராட்சித் தலைவரையும் பள்ளித் தலைமையாசிரியையையும் வைத்து அரக்கு முத்திரை போட்டு வைத்திருந்தேன். பட்டறைத் தரப்பிலிருந்தும் ஒருவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தேன். விசாரணை அதிகாரியிடம் அனுமதி கேட்டு இரண்டையும் மேஜையில் வைத்தேன். முத்திரையை வக்கீலையே உடைக்கச் சொன்னேன்.

ஒரு பாட்டில் மஞ்சள். மற்றது தெளிவு. இரண்டையும் குழாய்களில் ஊற்றி மருந்தை விட்டபோது ஒன்று ஊதாவானது. மற்றது அப்படியே நின்றது.

“ஒரே வாளித் தண்ணி சார். விஷம் இல்லாம போனது பாட்டில்ல. கிணத்துல இல்ல. என் முதல் ரிப்போர்ட் இந்தத் தெளிஞ்ச பாட்டிலப் பத்தினது” என்றேன்.

வக்கீல் அந்தத் தாளைக் கட்டுக்குள் திரும்பச் செருகினார். விசாரணை அதிகாரி அந்த இரண்டு குழாய்களையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்து கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மைதீன் சார், “நான் வந்தது வீண். நீங்க ஒருத்தரே போதும்” என்றார். பதினாறு வருடம் அவரிடம் வேலை பார்த்ததில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

என் மேல் துறை விசாரணை நடந்தது. கவனக்குறைவு என்று கண்டித்து ஓர் ஆணை வந்தது. மைதீன் சாருக்கும் வந்தது. அவர் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் குவளை கழுவப் போனார். சுப்புத்தாயின் மருமகளுக்கு ஆண் குழந்தை நலமாகப் பிறந்தது. பிறந்த பத்தாம் நாள் பார்க்கப் போனேன். குழந்தையை என் மடியில் வைத்தாள் சுப்புத்தாய். அந்த நல்ல முடிவில் எனக்குப் பங்கில்லை என்று எனக்குத் தெரியும். அது அதிர்ஷ்டம். இருந்தாலும் அழுதுவிட்டேன்.

ஊருக்குத் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வந்தது. கிணறுகளும் பம்புகளும் மூடப்பட்டன. எங்கள் கூடத்திலிருந்து போகும் ஒவ்வொரு பெட்டியிலும், எந்தச் சோதனைக்கு அமிலம் கூடாது, எத்தனை மணி நேரத்துக்குள் வரவேண்டும் என்று தமிழில் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டப்பட்டது. அதை எழுதியது நான். நேரம் கடந்து வந்த மாதிரியை வாங்காமல் திருப்பி அனுப்பும் அதிகாரத்தையும் போராடி வாங்கினோம். அதன் பிறகு அந்தச் சோதனையில் என் கையிலிருந்து ஒரு தவறான அறிக்கைகூடப் போகவில்லை என்று நிமிர்ந்து சொல்வேன்.

கழிவுக் குன்று மட்டும் அசையவில்லை. மேலே தார்ப்பாய் போட்டார்கள். காற்றில் கிழிந்தது. மறுபடி போட்டார்கள். வழக்கு எங்கெங்கோ சுற்றியது. கடைசியில் அதை அள்ளிப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகும் வேலை ஆரம்பித்தபோது நான் ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது. மைதீன் சார் அதற்குள் ஓய்வு பெற்று மேலப்பாளையம் போய்விட்டார். தோண்டிய இடத்து மண்ணைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு.

முகமூடியும் கையுறையும் போட்ட ஆட்கள் லாரியில் ஏற்றுவதை ஊரே தள்ளி நின்று பார்த்தது. வேலுச்சாமி அண்ணாச்சி நன்றாகத் தளர்ந்திருந்தார். ஆனால் தினமும் வந்துவிடுவார். குன்று முழுக்கப் போய், அடிமண்ணையும் ஒரு ஆள் உயரத்துக்கு எடுத்துவிட்டார்கள். அப்படியும் கிழக்குத் தெருப் பக்கம் நான் போட்ட குழியில் விஷம் குறையவே இல்லை. குன்று இருந்த இடத்தைவிடத் தெருவுக்குள் அதிகமாக இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் புரியவில்லை, பொறுப்பில் இருந்த பொறியாளருக்கும் புரியவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று எழுதிக்கொடுங்கள் என்று அவர் என்னை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் எழுத மறுத்துக்கொண்டிருந்தேன். ஊர்க்காரர்களைக் கேட்டேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் காலை வேலுச்சாமி அண்ணாச்சி வேலை நடக்கும் இடத்துக்கு வந்தார். பொறியாளரின் கையைப் பிடித்து, “எம் வீட்டுக்கு வாங்க சார். டீச்சர், நீங்களும் வாங்க” என்றார்.

அவர் வீட்டு முன்னறையில் கட்டில் ஏற்கெனவே வெளியே எடுத்துப் போடப்பட்டிருந்தது. சிமெண்டுத் தரை வழவழவென்று இருந்தது.

“இதத் தோண்டுங்க” என்றார். “பட்டறை ஓடும்போது அந்தக் கழிவ வண்டி வண்டியா சும்மாவே குடுத்தான். தரை இறுக்கமா நிக்கும், கரையான் ஏறாதுன்னான். கரிசல் மண்ணுல வீடு வெடிக்குதுல்லா, அதுக்குத் தோதா இருந்துச்சு. நாந்தான் அள்ளிட்டு வந்து நெரவுனேன். இந்தத் தெருவுல பாதி வீட்டுக்கு நான்தான் நெரவிக் குடுத்தேன். வீட்ட இடிச்சிருவாங்கன்னு பயந்து இத்தன வருசம் யாரும் சொல்லல. நானும் சொல்லல.”

பொறியாளர் என்னைப் பார்த்தார். அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை. ஆட்கள் தயங்கி நின்றதும், மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து அவரே தரையில் முதல் போடு போட்டார். சிமெண்டு பிளந்தது. கீழே பச்சையும் மஞ்சளுமாகக் கழிவு.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பிறகு சுப்புத்தாய் சொன்னாள்: “எங்க அடுப்படிக்குக் கீழயும் அதுதான்.” அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஆள், “எங்க தொழுவுலயும் இருக்கு” என்றார். நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். மதியத்துக்குள் பதினேழு வீட்டுக்காரர்கள் தாங்களாகவே வந்து பெயரைக் கொடுத்தார்கள். பதினேழு வீட்டுத் தரையையும் தோண்டி எடுத்து, நல்ல மண் போட்டு, திரும்பப் பூசிக் கொடுத்த பிறகுதான் வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட்டேன்.